பஸ்பாரில் விழாத பல்லி

கார்த்திகை, புதன் இரவு.

மாலை ஆறரைக்கு எங்கள் துணைமின் நிலையத்தின் எல்லா லைன்களும் ஒரே நொடியில் நின்றன. கம்பம் ஊர்ப் பக்கம் முழுக்க இருட்டு. திராட்சைத் தோட்டத்து மோட்டார்கள் ஓய்ந்ததும் மேகமலை ஓர் எட்டு நெருங்கி வந்ததுபோல் இருந்தது. வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

லைன்கள் எல்லாம் சேரும் உலோகத் தண்டான பஸ்பாரில், உள்ளே வரும் கரண்டும் வெளியே போவதும் சமமாக இல்லையென்றால், காவலுக்கு இருக்கும் ரிலே கருவி அத்தனையையும் நிறுத்திவிடும். போன வாரம் ராயப்பன்பட்டி லைனிலிருந்து ரிலேவுக்கு வரும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றி மாட்டியவள் நானேதான். போவதை வருவதாக அதற்குச் சொல்லிவிட்டேன். இன்று லோடு ஏறியதும் கணக்கு உதைத்தது.

சரிசெய்தேன். வெளிச்சம் திரும்பியது. நான் ஒயரை மாற்றியதைப் போர்மேன் முருகேசண்ணன் மட்டும் பார்த்தார்.

“மேல கேட்டாகன்னா பஸ்பார்ல பல்லி விழுந்துருச்சுன்னு எழுதிருங்க மேடம். எல்லாரும் அப்படித்தான எழுதுறாக.”

வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சொன்னது உண்மையென்றால் பல்லி கத்தும் என்பாள் அம்மா. டியூப்லைட் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. இவ்வளவு நேரமாகியும் ஒரு சத்தமில்லை.