கேட்காமல் நிரம்பும் பானை

என் அருமை ரோஸ்லின் அக்கா,

போன இடத்திலாவது முதுகு வலிக்காமல் நிமிர்ந்து உட்கார முடிகிறதா? இங்கே நான் ஒரு வாரமாக உட்காரவே இல்லை. லத்தா வட்டாரத்தில் நம் கிளினிக் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறேன். நாம் இருவரும் சேர்ந்து தமிழுக்குக் கொண்டுவந்த வலிப் படிவத்தைப் பாதியில் என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

படிவம் பேருக்கு முடிந்துவிட்டது. தீராத வலியோடு வாழ்கிறவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கும் எல்லாக் கேள்விகளையும் நம் ரங்கூன் தமிழர் பேசுகிற மாதிரியே எழுதியாயிற்று. தமிழ் படிக்க வராதவர்களுக்குப் பர்மியத்திலும் ஒரு பிரதி இருக்கிறது. ஆனால் பதில்கள்? வலி வந்தபோது யாரிடமாவது உதவி கேட்டீர்களா என்றால் எல்லாரும் இல்லை என்கிறார்கள். வலியால் எந்த வேலையையாவது விட்டீர்களா என்றாலும் இல்லை. அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்ற கூச்சத்தை இந்த ஊரில் ஆனாடே என்கிறோமே, எனக்கு முன்னால் அது போய் அந்த வீடுகளில் உட்கார்ந்துகொள்கிறது.

ஓடைக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் பாக்கியம்மாவை நினைவிருக்கிறதா? வழியில் போகிறவர்கள் குடிக்க வாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருப்பவர். அவரும் இல்லை, இல்லை என்றே எல்லாவற்றுக்கும் சொன்னார். சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்து போய் எனக்கு லபே என்கிற ஊறிய தேயிலைத் தட்டும் வெறுந்தேநீரும் கொண்டுவந்து வைத்தார். வலியோடு வாழப் பழக்கும் வகுப்பில் மீதி இருந்தது ஒரே இடம். டாக்டரம்மா பதில்களைப் புரட்டிவிட்டு, இவர் நன்றாகத்தானே சமாளிக்கிறார், இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். மறுநாள் மாலைக்குள் நான் பெயர் சொல்ல வேண்டும். பதிலை நானே மாற்றி எழுத முடியுமா? சும்மா இருக்கத்தான் முடியுமா?

மறுநாள் காலையில் மழையோடு மழையாக ஓடைப் பாலம் தாண்டிப் போனேன். வழியெல்லாம் உங்களோடுதான் சண்டை. நீங்கள் இருந்திருந்தால் கேள்வி சரியில்லை என்று முதலிலேயே சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன். எங்கே சொன்னீர்கள்? முதல் பிரதியை உங்களுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். உதவி கேட்பதா, நானா என்று சிரித்தீர்கள். ஒரு கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. உங்களை நம்பி நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

இந்தத் தடவை படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. விருந்தாளியாக உட்காரவும் இல்லை. நேரே அடுப்படிக்குப் போய் பாக்கியம்மாவோடு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். மழை, கரண்ட், மீன் விலை என்று பேச்சு போயிற்று. உள்ளே வரும்போதே வாசல் பானை நிறைந்திருந்ததைக் கவனித்திருந்தேன். தெருக்குழாய் கோடியில் இருக்கிறது. "பானைய இப்ப யாரும்மா நெரப்புறது?" என்று கேட்டேன்.

அவர் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எந்திரிக்கிறதுக்குள்ள நெறஞ்சிடுது" என்றார்.

பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் நிரப்புகிறாளாம். இவர் தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தமில்லாமல் ஊற்றிவிட்டுப் போகிறாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறார். குடம் தூக்க முடியாமல் போய் மாதக்கணக்காகிறது. சில காலைகளில் செருப்பு மாட்டக்கூட முடியவில்லையாம். உதவி கேட்டாரா? கேட்கவில்லை. அவர் சொன்ன பதிலில் பொய்யே இல்லை, அக்கா.

அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லக்கூடாதா என்றேன்.

"எனக்குத் தெரியும்னு காட்டிக்கிட்டா அவளுக்கு ஆனாடேயா போயிடும்மா. அவ ஊத்தி முடிக்கிற வரைக்கும் நான் அசையாம கெடக்கேன். என்னால முடிஞ்சது அதான்."

அவர் சம்மதத்தோடு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கியம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கேட்காமலே யாராவது செய்து கொடுத்தார்களா என்று ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்றதும் டாக்டரம்மா யோசித்தார். மூலத்தை எழுதிய வெளிநாட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டால்தான் முடியுமாம். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுத உட்காரும்போதெல்லாம் கரண்ட் போகிறது. மறுபடி மாடிப்படி, மறுபடி ஏற்ற இறக்கம்.

இப்போது என்னை உட்கார விடாதது படிவம் இல்லை, அக்கா. நீங்கள் குனிந்து நிமிரக் கஷ்டப்பட்ட நாளிலிருந்து, நான் சீக்கிரமே வந்து மேல்தட்டுக் கோப்புகளை இறக்கி உங்கள் மேசையில் வைத்துவிடுவேன். முந்தின நாள் யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். நீங்கள் ஒரு நாளும் விசாரித்ததில்லை. தினமும் கீழே தேநீர்க்கடை வாசலில் கடைக்காரரோடு ஏதோ பேசிக்கொண்டு நிற்பீர்கள். வேலை கிடக்க இந்த மனுஷிக்கு என்ன அரட்டை என்று ஜன்னல் வழியாகப் பார்த்து அலுத்துக்கொள்வேன். கடைசிக் கோப்பு மேசைக்கு வந்த பிறகுதான் படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும்.

முதுகு வலியோடு அங்கே நின்றுகொண்டே இருந்தீர்களா, அக்கா, நான் இறக்கி முடிக்கிற வரைக்கும்?

அந்தக் கேள்வியைச் சேர்க்காமல் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கோப்புகளை இப்போதும் காலையில் இறக்கித்தான் வைக்கிறேன். நீங்கள் மெதுவாகவே வாருங்கள்.

காலையில் சீக்கிரமே வேலைக்கு வந்துவிடும் உங்கள் தங்கை,
சாந்தி