கிணற்றடி ஊமத்தை

சிரம்பான், மலாயா, 12-8-1931

அன்பின் தங்கமுத்துவுக்கு,

முருகன் துணையால் நான் சுகம். நீரும் மாமியும் மகளும் சுகம்தானே?

நீர் அனுப்பிய துளசி, தூதுவளை, ஊமத்தை விதைகள் எல்லாம் றெயில்வே வீட்டின் பின்பக்கம் நன்றாய் வளர்ந்தன. இருமல், வீக்கம் என்று அயலார் இலை கேட்டு வருவார்கள். போன கிழமை பக்கத்து வீட்டு இளையதம்பியின் மூன்று வயது மகள் ஊமத்தங்காயைக் கடித்துவிட்டாள். பயப்படவேண்டாம், இப்போது சுகம். அவள் கண் விரிந்து, வெறுங்காற்றைப் பிடித்துப் பிடித்துச் சிரித்தாள்.

"அண்ணை, பிள்ளை ஏன் இப்படிச் செய்யிறாள்?" என்று தாய் கத்தினாள்.

வாயில் விதையைக் கண்டதும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு நாள் தாயையே அறியவில்லை. இளையதம்பி என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஊமத்தையை அன்றே பிடுங்கிப் புதைத்தேன்.

நம் கிணற்றடியில் மாமி வளர்க்கும் ஊமத்தையை இக்கடிதம் கண்டவுடன் பிடுங்கிவிடும். மாமி கோபித்தால் நான் சொன்னதாகச் சொல்லும். மகள் இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறாள்? எழுதும். தந்தி அடிக்க நினைத்தேன். தந்திக்காரனைக் கண்டால் செத்தவீட்டுச் செய்தி என்று நீங்கள் கலங்குவீர்கள் என்று விட்டுவிட்டேன். விட்டது சரியோ தெரியவில்லை. இக்கடிதம் வந்துசேரப் பத்து நாளாகும்.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள், இத்துடன் நிறுத்துகிறேன்.

கதிரித்தம்பி