ரோமம் போன பன்னிரண்டாவது வௌவால்

ஆம்பூர், 3 மார்ச் 1932

பன்னிரண்டு! இன்று ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும்போதுகூட விடை எதுவானாலும் என் வாயில் பன்னிரண்டுதான் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நேற்று சாயங்காலம் ரிசர்வ் காட்டுப் புல்மேட்டில், சுனைமேல் சாய்ந்திருக்கும் ஈச்சமரத்தில், தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூட்டுக்குள் கைவிட்டேன். கட்டைவிரல் அளவுக்கு ஒரு வௌவால். உடம்பெல்லாம் புரசம்பூ நிறம், இறக்கையில் ஆரஞ்சும் கறுப்பும். கூட வந்த காட்டுக் கார்டு வேலு, "இன்னா டீச்சர், இதுக்கு யாரு சாயம் பூசினது?" என்றார்.

வந்தவாசிப் பாய் போல வெறும் புல்லும் பத்து மரமும் உள்ள இந்தப் பாதுகாக்கப்பட்ட மேட்டில் ஆறு வகை வௌவாலுக்குமேல் இராது என்று எழுதியவர் சென்னை இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தின் காரியதரிசி. நான் போன வாரமே பதினொன்றைத் தொட்டுவிட்டேன். வகைக்கு ஒரு தோலும் மண்டையோடும் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். வன அனுமதி ஏப்ரல் முப்பது வரை. முடித்துக் காட்டினால் அடுத்த வருஷம் ஜில்லாவின் எல்லா ரிசர்வ் காட்டிலும் வௌவால் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. இல்லையென்றால் சென்னையிலிருந்து வேறு யாரோ ஒருவர் வருவார்.

6 மார்ச்

பதினொரு தோலை நானே உரித்து அனுப்பிவிட்டேன். எல்லாம் சுமார்தான், ஓரிரண்டு கிழிசல். இந்த ஆரஞ்சுக்காரனை என் கையால் கெடுக்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஷபீ அஹமது பாய் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. "ஆயிரம் ஆட்டுத் தோல் பாத்த கை டீச்சரம்மா, இது எனக்கு ஒரு வேலையா? குடுங்க" என்றார். கொடுத்தேன்.

9 மார்ச்

ஐயோ.

பாய் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மெல்லிசாக, வழவழவென்று, பளபளவென்று. முகமெல்லாம் பெருமை. சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு ரோமத்தை உதிர்த்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறார்! ஒரு முடி இல்லை. அந்த நிறம்தானே எனக்கு வேணும்! நிறம் இல்லாட்டி இது இன்னா, எந்த வௌவாலும் இதுதானே!

கத்திவிட்டேன். தெருவே கேட்டிருக்கும். பாவம், பாய். "ரோமத்தோட தோலை எவன் வாங்குவான் டீச்சரம்மா?" என்றார். அவர் உலகத்தில் அது நியாயம்தான். முதல் வேலையே ரோமத்தை எடுப்பது. சொல்லிக் கொடுக்காதது யார்? நான்தான்.

19 மார்ச்

மண்டையோட்டையும் அந்தத் தோலையும் அனுப்பி, நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தேன். பதில் வந்தது. பதினொன்று சரியாம். பன்னிரண்டாவது பற்றி: "ஆவாரம்பட்டையில் ஊறினால் எந்தத் தோலும் ஆரஞ்சாகும் என்பது ஆம்பூர்க்காரருக்குத் தெரியாததா? மண்டையோடு உடைந்திருக்கிறது. ரோமத்தோடு, அதே காட்டில் பிடித்த ஒன்று ஏப்ரலுக்குள் வராவிட்டால் பட்டியலில் சேராது. ஜில்லா வேலையையும் அனுபவமுள்ளவரிடம் கொடுக்க நேரும்."

அனுபவமுள்ளவர்! அவர் வந்து அந்தக் கூட்டுக்குள் கைவிட்டாரா?

22 மார்ச்

குர்ஷித் வந்தாள், ஷபீ பாயின் மனைவி. சென்னைக் கடிதத்தைப் பற்றிக் கேட்டதிலிருந்து, மூன்று நாளாகப் புருஷன் சரியாகச் சாப்பிடவில்லையாம். அதற்காக என்னைத் திட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன். என் மேசையில் செத்துக் கிடந்த ஒரு சாதாரண வீட்டு வௌவாலை எடுத்துப் பார்த்தாள். "ரோமம் போவக் கூடாது, கிழியக் கூடாது, அவ்ளோதானே?" என்றாள். பூவேலைக்கு வைத்திருக்கும் சின்னக் கத்தரியும் ஊசியும் கொண்டுவந்து உட்கார்ந்தாள். வயிற்றில் ஒரு நகக்கீறல் அளவு பிளவு, அவ்வளவுதான். உப்பும் படிகாரமும் தடவி, பஞ்சு வைத்து, வெளியே தெரியாமல் தைத்துவிட்டாள்.

வௌவால் தூங்குவதுபோல் இருக்கிறது. நான் ஒரு வருஷமாகச் செய்த எல்லாவற்றையும் பார்த்து வெட்கப்பட்டேன். பாய் எட்டிப் பார்த்து, "கொஞ்சூண்டு சுண்ணாம்பு..." என்றார். "வாயத் தொறந்தா பாரு!" என்றாள் குர்ஷித்.

சரி. கை கிடைத்துவிட்டது. வௌவால் வேண்டும்.

2 ஏப்ரல்

பதினான்கு கூடு. பதினான்கும் காலி. ஒன்றில் எறும்பு. முழங்கை வரை வீக்கம்.

10 ஏப்ரல்

இன்னும் ஏழு கூடு. ஒன்றுமில்லை.

13 ஏப்ரல்

வேலு துணிப்பையோடு வந்தார். உள்ளே அதே நிறம்! விரிஞ்சிபுரத்தில் அவர் மச்சான் வாழைத்தோட்டத்துச் சருகில் பிடித்தாராம். "காட்டுல புடிச்சதுன்னு எழுதிக்கோங்க டீச்சர். வௌவால் வந்து சாட்சி சொல்லப் போவுதா?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அரைமணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் இல்லை, எழுதினேன். லேபிளில் புல்மேட்டின் பெயரையே எழுதினேன். பிறகு கிழித்தேன். இதை அனுப்பினால், நான் நிஜமாகப் பிடித்தது பொய்யாகிவிடும். அப்புறம் எதற்கு இவ்வளவு வீறாப்பு?

அந்தி மங்கியதும் பறக்க விட்டோம். வேலு காலிப் பையை உதறிக்கொண்டு கோபமாகப் போய்விட்டார்.

20 ஏப்ரல்

பத்து நாள்தான் இருக்கிறது. குர்ஷித்திடம் புலம்பினேன். ஈச்சமரத்துக் கூடெல்லாம் பார்த்தாச்சு, அங்கே இல்லை என்றேன். அவள் விசிறிக்கொண்டே, "இந்த வெயில்ல நானே கூடத்த வுட்டுட்டு பின்கட்டுல படுக்கறேன். அது மட்டும் வெயில்லயே தொங்குமா?" என்றாள்.

மார்ச்சில் சுனையில் தண்ணீர் இருந்தது. இப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நான் இன்னும் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்! மடச்சி.

24 ஏப்ரல்

கிடைத்தது! கிடைத்தது! கிடைத்தது!

மேட்டுக்கு வடக்கே, வெயில் இறங்காத பள்ளத்தில், ஆளுயரப் புல்லுக்கு நடுவே, வளைந்த ஒற்றை வேலமரம். அதில் மூன்று பழைய கூடு. மூன்றாவதில் ஒன்றல்ல, இரண்டு. ஆணும், மார்பில் குட்டி கவ்விக்கொண்டிருந்த பெண்ணும். வழிதவறி வந்ததல்ல, இங்கேயே பெற்று வளர்க்கிறது. கோபம் மறந்து வேலு, "டீச்சர்! டீச்சர்!" என்று குதித்தார். ஆணை மட்டும் எடுத்தேன். தாயையும் குட்டியையும் அளந்து, நிறம் எழுதி, கூட்டிலேயே விட்டேன். இதே காட்டில் பிடித்ததென்று கார்டு வேலு சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

குர்ஷித் மத்தியானத் தொழுகை முடித்து உட்கார்ந்தவள், அடுத்த தொழுகைக்குத்தான் எழுந்தாள். ஒரு முடி உதிரவில்லை. ஷபீ பாயைத் தட்டைத் தொடவே விடவில்லை.

25 ஏப்ரல்

பதிவுத் தபால். போய்விட்டது.

11 ஜூன்

கடிதம்! பன்னிரண்டும் பட்டியலில் ஏறிவிட்டது. புல்மேட்டில் குட்டியோடு பார்த்ததைத் தனிக்குறிப்பாக அச்சிடுகிறார்களாம், என் பெயரில். ஜில்லா வேலை எனக்கே. கடைசியில் காரியதரிசி கேட்கிறார்: "இவ்வளவு சுத்தமாகத் தோல் எடுத்தவர் எங்கே பயிற்சி பெற்றவர்? அவரையும் உங்களோடு சேர்த்துக்கொள்வீர்களா?"

மூன்று தடவை படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். மூன்று மாதமாக அழுத்திய பாரம் இறங்கி, வாசற்படியிலேயே அழுதுவிட்டேன்.

2 ஜூலை

புது வன அனுமதி வந்தது. இரண்டு பெயர். குர்ஷித்துக்கு உருது மட்டும்தான் படிக்கத் தெரியும். தன் பெயர் எந்த இடத்தில் என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். ஷபீ பாய் பக்கத்தில் நின்று காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அங்க முள்ளு ஜாஸ்தியா டீச்சரம்மா?" என்று கேட்டார். ஜாஸ்திதான் என்றேன். உள்ளே போய் ஒரு தடித்த தோல் துண்டும் நூலும் எடுத்து வந்து, கீழே உட்கார்ந்து, செருப்புக்கு அவள் பாதத்தை அளந்தார்.