அத்தா கையில் ஏறின வாட்ச்

பாலக்கரை, திருச்சி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்

அன்பு மகன் ரஃபீக்குக்கு அம்மாவின் ஸலாம். நீயும் மருமகளும் பிள்ளையும் தம்மாமில் அல்லாஹ் காவலில் சுகமாக இருக்கணும். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் முதல் வரி எழுதணுமாம், உங்க அத்தா கட்டிலில் படுத்தபடி சொல்லிக் கொடுக்கிறார். கழுத்தில் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு சுகம் என்று எழுதச் சொல்கிற மனுஷனை என்ன செய்ய. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் பயந்துடுவான் புள்ள, விடு விடு என்று போனைப் பிடுங்கிவிடுகிறார். நீயும் சரிம்மா சரிம்மா என்கிறாய், என்ன சரி என்று உனக்கே தெரியாது. ஆரிஃபா உன்னிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறாள், ஜமீல் ஒரு கதை சொல்லியிருக்கிறார், அத்தா சொன்னது மூணாவது கதை. அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டு பிலோமின்ராஜ் ஞாயிற்றுக்கிழமை தம்மாமுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், எனக்கு ஒண்ணும் மறக்கவில்லை. காட்டூரில் உன் தங்கச்சி ஆரிஃபா வீட்டுக் கூடம். அவள் மகள் ஆஃப்ரினுக்கு நிச்சயம் பேசின நாள். மாப்பிள்ளை பக்கம் மூணு பேர். பையனுடைய அத்தா அப்துல் அஹத், உப்பிலியபுரத்தில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். அவர் பெண்டாட்டி, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்து நம் வீட்டு டீ கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு. பையனுடைய மாமா ஜெகபர் சாதிக், ஷார்ஜாவிலிருந்து அந்த வாரம்தான் வந்தவர். நம் பக்கம் ஆரிஃபா, அவள் மாப்பிள்ளை ஜமீல், உள் ரூமில் ஆஃப்ரின், நான், உங்க அத்தா. ஜன்னலில் சாய்த்து வைத்த போனுக்குள் நீ. இவ்வளவுதான்.

அத்தாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னது ஜமீல். கிட்னி வியாதி பரம்பரையா வரும்னு நெனப்பாங்க மாமி, நிக்காஹ் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்றார். ஆரிஃபா தலையை ஆட்டினாள். போனுக்குள் இருந்து நீயும், மச்சான் சொல்றதுதான் சரிம்மா என்றாய். வாரத்தில் மூணு நாள் ஸ்ரீரங்கத்துக்குப் போய் மெஷினில் படுத்து எழுந்து வருகிற மனுஷனை எந்த முந்தானையில் மறைக்கிறது என்று கேட்டேன். முழுக்கைச் சட்டை போட்டா தெரியாதுமா என்றாள் உன் தங்கச்சி. இடது மணிக்கட்டுக்கு மேலே ரத்தக் குழாய் ரெண்டை ஒட்டவைத்து ஆபரேஷன் பண்ணியிருக்கிறதே, பிஸ்டுலா என்கிறார்களே, அந்த வழியாகத்தானே ஊசி போட்டு ரத்தத்தை மெஷினுக்கு எடுத்துச் சுத்தம் பண்ணித் திருப்பி விடுகிறார்கள். அந்த இடம் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். அதை மறைக்க முழுக்கைச் சட்டை. அந்தக் கையில் பிரஷர் பட்டை சுத்தக்கூடாது, பை தூக்கக்கூடாது, இறுக்கமாக எதுவும் கட்டக்கூடாது, அதன்மேல் படுக்கக்கூடாது. ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் அக்னஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, நான் அவருக்குச் சொல்லி என் தொண்டைதான் காய்ந்தது.

எல்லாம் பேசி முடிந்து பாயசம் கொடுத்த நேரம், உங்க அத்தாவுக்கு மட்டும் அரை கிளாஸ், அதையும் முழுசாகக் குடித்துவிட்டு என் கிளாஸைப் பார்க்கிறார், அப்போது ஜெகபர் சாதிக் எழுந்து வந்தார். ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்ததாம், இரும்புச் சங்கிலி வைத்த வாட்ச், பளபளவென்று. புது சம்மந்திக்கு எங்க வீட்டு மரியாதை மாமா என்று சொல்லி, உங்க அத்தாவின் இடது கையைப் பிடித்து, சட்டைக் கைக்கு மேலேயே மாட்டி டக்கென்று பூட்டிவிட்டார். சட்டையோடு சேர்த்துப் பூட்டினால் எவ்வளவு இறுக்கும் பார். என்னங்க, வலது கையில கட்டிக்கங்க என்று எழுந்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். சும்மா இரு புள்ள, சபையில என்று பல்லைக் கடித்துச் சொன்னார். ஜமீல் பார்த்தார், பார்த்துவிட்டு வெற்றிலைத் தட்டை எடுக்கப் போய்விட்டார். ஆரிஃபா பார்த்தாள். நீ போனுக்குள் இருந்து மாஷா அல்லாஹ், நல்லாயிருக்கு அத்தா, கையக் காட்டுங்க என்றாய். அவரும் போன் முன்னால் தூக்கிக் காட்டினார். ஊரே சூட்கேஸ் வாங்கின கடையின் முதலாளி இல்லையா, பெரிய கடை வீதியில் நாலு பேருக்கு முன்னால் எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் போனதும் ஜமீல் பைக்கில் அத்தாவைப் பாலக்கரையில் விட்டு வந்தார். நான் பாத்திரம் கழுவ ஆரிஃபாவுக்குத் துணையாகக் காட்டூரிலேயே தங்கிவிட்டேன். தங்கியிருக்கவே கூடாது என்று நீ சொல்லலாம், அவளுக்கு இடுப்பு வலி, நீயா வந்து கழுவுவாய். ஆனால் பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அப்புறம் போன் பண்ணி முதல் கேள்வியே அதுதான் கேட்டேன். வாட்சைக் கழட்டிட்டீங்களா. கழட்டிட்டேன் என்றார். பெட்டியில வச்சுட்டீங்களா. வச்சுட்டேன் புள்ள, தூங்கு என்றார். இந்த வார்த்தையை மறந்துவிடாதே, பின்னால் இதற்கு வருகிறேன்.

காலையில் முதல் பஸ் பிடித்து வந்தேன். கதவைத் திறக்கிறார், கையில் வாட்ச். முதல் நாள் போட்ட அதே சட்டை, அதே இடம். ராத்திரி இஷா தொழுகைக்குப் போன இடத்தில் பள்ளிவாசலில் நாலு பேரிடம் காட்டியிருக்கிறார், சம்மந்தி போட்டது, ஷார்ஜா சாமான் என்று. அப்படியே வந்து படுத்துத் தூங்கியும் விட்டார். பிடித்து உட்காரவைத்து, கொக்கியை நெம்பிக் கழற்றி, அந்த இடத்தில் கை வைத்தேன். ரஃபீக், ஆபரேஷன் ஆன நாளிலிருந்து காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் காரியம் அங்கே கை வைக்கிறதுதான். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். காதை வைத்தால் உஸ் உஸ் என்று கேட்கும். அது இருந்தால் எனக்கு அன்றைக்கு டீ இறங்கும். அன்றைக்கு ஒண்ணுமே இல்லை. காதை வைத்தேன், அவர் கை முடிதான் குத்துகிறது. என்ன புள்ள, கேக்குதா என்று சிரிக்கிறார்.

நல்லதம்பி ஆட்டோவில் ஏற்றிக் காவிரிப் பாலம் தாண்டினேன். ஸ்ரீரங்கத்தில் சிஸ்டர் அக்னஸ் ஸ்டெத்தை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ரத்தம் உறைந்து அடைத்துவிட்டதாம். வாட்சை மட்டும் சொல்ல முடியாதும்மா, முந்தாநாள் டயாலிசிஸ்ல பிரஷர் ரொம்ப இறங்கிச்சு, அதுவும் சேர்ந்திருக்கும் என்றார் டாக்டர். பிரஷர் ஏன் இறங்கிச்சு என்று நானே சொன்னேன். ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவில் தண்ணீர் அளந்துதான் குடிக்கணும் அல்லவா, இவர் ஐந்து வேளைத் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி ஒளு செய்கிறபோதும் வாய் கொப்பளிக்கிற சாக்கில் முழுங்கிவிடுகிறார். கேட்டால் அது கணக்கில வராது என்கிறார். அல்லாஹ்வின் கணக்கில் வராமல் இருக்கலாம், மெஷின் கணக்கில் வருகிறதே. உடம்பில் சேர்ந்த தண்ணீரையெல்லாம் ஒரேயடியாக இழுத்தால் பிரஷர் விழாமல் என்ன செய்யும். டாக்டர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே கம்பி விட்டு அடைப்பை எடுத்தார்கள். மத்தியானம் லேசாக ஓடியது, சாயங்காலம் மறுபடி நின்றுவிட்டது. அந்த இடம் இனிமேல் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் நடக்கிறது. போன வாரம் அந்தக் குழாய் வழியாகக் கிருமி ஏறி, மெஷினில் படுத்திருக்கும்போதே குளிர் தூக்கிப் போட்டது. நாலு பேர் பிடித்தும் கட்டில் ஆடியது. அந்த நேரம் நான் என்ன நினைத்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். இப்போது காய்ச்சல் இறங்கியிருக்கு. அதே இடது கையில் முழங்கைக்கு மேலே புதுசாக பிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், அது தேறி ஊசி தாங்க இன்னும் ஒண்ணரை மாசமாவது ஆகுமாம். அதுவரைக்கும் கழுத்துக் குழாயில் கிருமி ஏறாமல் இருக்கணும், அதுதான் என் கவலை, வேறு கவலை எனக்கு இல்லை. இதுவும் அடைத்துவிட்டால் வலது கையில் நரம்பு சரியில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். பிறகு எங்கே குத்துவார்கள் என்று கேட்டேன், பார்க்கலாம்மா என்றார். டாக்டர் பார்க்கலாம் என்றால் எனக்கு ஆகாது. பந்து ஒண்ணு கொடுத்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் எதிரில் உட்கார்ந்தால் அமுக்குகிறார், நான் அடுப்படிக்குப் போனால் பந்து தலையணைக்கு அடியில் போய்விடுகிறது.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா. ஜெகபர் சாதிக் ஆஸ்பத்திரிக்கு வந்து, மாமா, உங்க கைய நான் கெடுத்துட்டேனே என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்க அத்தா அவரைத் தேற்றுகிறார், வாட்ச் நல்லா ஓடுது மாப்ளே என்கிறார். அப்துல் அஹத் மட்டும் கோபமாக நின்றார். வியாதிய மறைச்சதுக்குக் கோபம் இல்லம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் வலது கையில கட்டியிருப்பானே, எங்கள அவ்வளவு அந்நியமாவா நெனச்சீங்க என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தலை குனிந்து நின்றது நான். மறைக்கச் சொன்னவர்கள் ஒருத்தரும் பக்கத்தில் இல்லை. நிக்காஹ் தேதி மாறவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நிக்காஹுக்கு வரும்போது பேரீச்சம்பழம் கொண்டு வராதே, அத்தாவுக்கு ஆகாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடுமாம். உன் பெட்டியில் இருந்தால் அவர் கண் அங்கேதான் இருக்கும். நீ தலைவலிக்கு அடிக்கடி மாத்திரை முழுங்குகிறாய் என்று மருமகள் சொன்னாள், நிறுத்து. பிரஷரும் சுகரும் பார், கிட்னிக்கு ரத்தம் கொடுத்துப் பார், பார்த்துவிட்டு உண்மையைச் சொல். பிள்ளைக்கு என் முத்தம். அல்லாஹ் உங்கள் மூணு பேருக்கும் நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் தரட்டும்.

இனி கணக்கை முடிக்கிறேன். ஜெகபர் சாதிக்குக்குத் தெரியாது, அவர் மேல் எனக்கு ஒண்ணும் இல்லை. டீ கிளாஸைத் தூக்கிப் பார்த்த சம்மந்தியம்மாளை நிக்காஹ் அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன். ஜமீல் மகள் வாழ்க்கைக்குப் பயந்து சொன்னார், ஆரிஃபா புருஷனுக்குப் பயந்து தலையாட்டினாள், நீ தூரத்திலிருந்து சொன்னாய், தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் சுலபம். உங்களையெல்லாம் திட்டித் தீர்த்து மன்னித்துவிடுவேன். ஆனால் நான் கழட்டிட்டீங்களா என்று கேட்டதும், கையில் வாட்சை வைத்துக்கொண்டே கழட்டிட்டேன் என்று சொன்ன ஆள் ஒருத்தர் இருக்கிறார். தினமும் காலையில் யார் அங்கே கை வைக்கிறார்கள் என்று தெரிந்தும் சொன்னார். அந்தக் கை அவருக்கு மட்டும் சொந்தமா. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பேரை வாயால் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில் பேஷண்ட் பேர் கேட்டால்கூட கார்டை நீட்டுவேன். இந்தக் கடிதத்தை மடிக்கிறதுக்கு முன்னால் வாங்கிப் படிப்பார், படிக்கட்டும். புது இடத்திலும் லேசாக அந்த அதிர்வு இருக்கு, இன்றைக்குக் காலையிலும் வைத்துப் பார்த்தேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு உன் அம்மா,
மைமூன் பீவி.

நான் மன்னிக்காத ஆள்: பஷீர் அகமது.