தூபா வேரும் கஞ்சி டப்பாவும்

1927 மார்ச் 3, வியாழன்

என் வீட்டுக்காரர் போய் இருபது நாள். வாந்திபேதி என்று ஆஸ்பத்திரி டிரசர் எழுதிவிட்டார். கூலி லயத்தில் வேறு யாருக்கும் வரவில்லையே?

எஸ்டேட் ஆபீசுக்குப் பின்னால் காய்கறித் தோட்டத்தில் அவர் பார்த்த வேலையைக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி அம்பிகைபாகன் இன்று எனக்கே கொடுத்தார். என் வீட்டுக்காரர் புழுவுக்கு வெள்ளைப் பொடி தூவினார். என்னை ஏதோ வேர் இடிக்கச் சொல்கிறார்கள். ஆள் செத்ததும் மருந்தை மாற்றுவானேன்?

மார்ச் 5, சனி

வேரின் பேர் தூபா. இடித்தால் பால் வருகிறது. தண்ணீரும் சவுக்காரமும் கலந்து செடிக்குத் தெளிக்கிறோம்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் சொன்னாள்: “சுங்கை செம்பிலாங் ஊர்ல மலாய்க்காரங்க இத ஆத்துல கலக்குவாங்கக்கா. மீனெல்லாம் வயித்தக் காட்டிக்கிட்டு மிதக்கும். பாத்துக்க, அடுத்து நீதான்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 8, செவ்வாய்

புழு சுருண்டு கிடக்கிறது. கிராணி எண்ணி எண்ணி எழுதுகிறார். என்னைப் பற்றியும் எழுதுகிறாரோ?

மார்ச் 9, புதன்

சனிக்கிழமை தெளித்த பயத்தங்காயைப் பறித்துக் கிராணியிடமே நீட்டினேன். கழுவிக் கடித்தார். பார்த்துக்கொண்டே நின்றேன்.

“என்ன பிள்ளை, நான் விழுவன் எண்டு பாக்கிறியோ?”

விழவில்லை. அப்படியானால் வேர் ஆளைக் கொல்லாது. பிறகு என் வீட்டுக்காரரைக் கொன்றது என்ன?

மார்ச் 10, வியாழன்

என் கஞ்சிச் சட்டி உடைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் டப்பாவில் ஊற்றி எடுத்துப் போனேன். தூக்குச்சட்டி ஓட்டையானபோது தோட்டத்திலிருந்து அவரே கொண்டுவந்தது. கடைசிவரை அதில்தான் குடித்தார்.

வாயில் வைக்கப் போனேன். கிராணி ஓடி வந்து தட்டிவிட்டார். கஞ்சியெல்லாம் மண்ணிலே.

“என்னத்த மறைக்கிறீங்க? எம் புருசன என்ன பண்ணீங்க?” — கத்திவிட்டேன்.

டப்பாவைக் கவிழ்த்து அடியில் இருந்த வெள்ளைக்காரன் எழுத்தைக் காட்டினார். “வெள்ளைப் பொடி வந்த டப்பா பிள்ளை. நஞ்சு. தூவேக்க உன்ர மனுசன்ர மூச்சில போச்சுதோ எண்டு பயந்துதான் நான் வேர் தேடினனான். இதில கஞ்சி ஆர் ஊத்தினது?”

டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 11

அவர் கொண்டாந்தன்னிக்கே மூணு தரம் சாம்பல் போட்டுத் தேச்சேனே. வாடைகூட இல்லையே.

மார்ச் 14, திங்கள்

டப்பாவை ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன். பிறகு லயத்தில் வீடு வீடாய்ப் போய்ப் பார்த்தேன். சின்னத்தாய் வீட்டு அடுப்படியில் அதே மாதிரி இன்னொரு டப்பா. உப்பு வைத்திருந்தாள். பிடுங்கினேன்.

“நல்ல டப்பாவ ஏங்க்கா புடுங்குற? ஒனக்கு வேணுமாக்கும்!”

“இதுலதான்டி அவருக்கு நான் கஞ்சி ஊத்தினேன்.”

சின்னத்தாய் டப்பாவை என் கையிலிருந்து வாங்கினாள். உப்பைத் தானே வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள்.