மேற்குப் பாதியின் வெயில்

பிப்ரவரி 9, திங்கள்

மகளுக்குப் பள்ளியில் நிழல் கடிகாரம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அட்டைத் தட்டு, நடுவில் ஒரு பென்சில். மணிக்கு ஒரு முறை நிழல் விழும் இடத்தில் கோடு போட வேண்டும், காலையிலிருந்து நான்கு மணி வரை.

நான்கு மணி வரை! எங்கள் முற்றத்தில் மதியத்துக்கு மேல் வெயில் ஏது? வீட்டைப் பாகம் பிரித்ததும் மேற்குப் பாதியில் தம்பி மாடி எழுப்பினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

பிப்ரவரி 14, சனி

நினைத்தபடியே ஆயிற்று. ஒரு மணிக் கோடு போட்டாள். அதற்குப் பிறகு தட்டின்மேல் அவன் மாடியின் நிழல்தான்.

"சித்தப்பா மாடிக்குப் போகட்டுமாப்பா?"

காலை உடைப்பேன் என்றேன்.

மனைவி உள்ளேயிருந்து, "வீட்டைத்தான் கூறு போட்டீங்க. வெயிலையுமா?" என்றாள். எல்லோரும் அவன் கட்சி.

இயற்பியல் படித்தவன் நான். காலைக் கோடுகளைக் காகிதத்தில் எடுத்து, பன்னிரண்டு மணிக் கோட்டில் மடித்து, மறுபக்கம் பிற்பகல் கோடுகளாகப் பதித்துக் கொடுத்தேன். நிழலைப் பார்த்துத்தான் கோடு போட வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம். டீச்சரை இந்த முற்றத்தில் வந்து நிற்கச் சொல்!

பிப்ரவரி 15, ஞாயிறு

நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மாடிக்குப் போயிருக்கிறாள். அனுப்பியது மனைவி. திரும்பி வந்தபோது தட்டில் என் கோடுகள் இல்லை. ரப்பர் வைத்து அழித்திருந்தாள்.

"நீங்க போட்டதுல நிழல் விழவே இல்லப்பா. சித்தப்பா ஒத்துக்கல. 'எங்கண்ணன் கணக்கு தப்பாது, தட்டுதான் கோணலா இருக்கு'ன்னு திருப்பித் திருப்பி வச்சாரு. அப்புறம்தான் அழிக்க விட்டாரு."

கடிகாரத்தின் பன்னிரண்டும் சூரியனின் உச்சியும் ஒன்றல்ல. எனக்குத் தெரியாததா? கோபத்தில் மறந்து பன்னிரண்டில் மடித்துவிட்டேன். அதை அவன் மாடியிலா கண்டுபிடிக்க வேண்டும்? என் கணக்குக்கு அவன் சான்றிதழ் ஏன்? யார் கேட்டது?

பிப்ரவரி 16, திங்கள்

யாரிடமும் பேசவில்லை. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பிப்ரவரி 21, சனி

தட்டு பள்ளியிலிருந்து திரும்பிவிட்டது. மகள் அதைக் கொண்டுபோய் அவன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் படுக்கையாக ஒட்டிவிட்டாள். அங்குதான் நாள் முழுக்க வெயிலாம். என் வீட்டுத் தட்டு, அவன் சுவரில்!

பிய்த்துக்கொண்டு வரத்தான் போனேன். வேறெதற்கும் இல்லை. படிகளுக்கு இன்னும் பூச்சு இல்லை. எதையும் முடிக்கமாட்டான், சின்ன வயதிலிருந்தே. மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

நான் தட்டின்மேல் கை வைத்தேன். அவன் ஈரச்சட்டையை உதறிக்கொண்டே, திரும்பாமல் கேட்டான்.

"மணி என்னண்ணா?"

கையில் கடிகாரம் கட்டியிருக்கிறான், கழுதை.

குனிந்து பார்த்தேன். நிழல் கோட்டின் மேலேயே கிடந்தது.

"மூணு," என்றேன்.

தட்டு அங்கேயே இருக்கிறது. கேட்காமல் மாடி கட்டியது தப்புதான்.