பன்னிரண்டு சீட்டு, ஒரே எழுத்து

செங்கல்பட்டு
3.2.2025

ஜாய்ஸ் அக்காவுக்கு,

படூர் பிளாட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? பெரியம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறானே என்று சிரிக்காதே. உங்கள் ஆபீஸ் எங்கள் போனில் ஒரு ஆப் ஏற்றச் சொல்லியிருக்கிறது. மைக், லொகேஷன் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறது. கொடுக்காவிட்டால் வருகை பதிவாகாது. அந்தப் போனில் உன்னோடு பேச மனசு வரவில்லை.

இன்று காலை எங்கள் பிளாண்டின் வேலைமுறையை மாற்ற வந்தவள் நீதான் என்று பார்த்ததும் திக்கென்றது. நீ சிரிக்க வந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோபப்படாதே. ஆபீஸ் அம்மாவின் தம்பி என்று தெரிந்தால் லைனில் ஒருத்தனும் என்னிடம் வாய் திறக்கமாட்டான். யாரிடமும் சொல்லிவிடாதே.

தினமும் பதினைந்து நிமிடம் நின்றபடி கூட்டம் என்றாய். தனகோடி என் காதில், "நாம எட்டு மணி நேரமும் நின்னுகினுதானடா கீறோம், இதுல இன்னா புதுசு?" என்றான். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் அது புதுசு அக்கா.

உண்மையைச் சொல். ஆள் குறைக்கத்தானே இது?

தம்பி,
சின்னராசு

படூர்
8.2.2025

அன்புத் தம்பி சின்னராசு,

உன் கடிதத்தை உன் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வேலை தர்றவனையும் நம்பமாட்டான், சோறு போடுறவளையும் நம்பமாட்டான்" என்றாள். அவள் மூட்டு அப்படியேதான் இருக்கிறது.

ஆள் குறைக்க வரவில்லை. மேலே இருப்பவன் உத்தரவு போட, கீழே இருப்பவன் வாயை மூடிக்கொண்டு செய்வது என்ற பழக்கத்தை உடைக்கத்தான் வந்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரெட்ரோ என்று ஒரு கூட்டம் நடக்கும். எது தடையாக இருக்கிறது என்று லைன் ஆட்களே மஞ்சள் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டலாம். பெயர் போட வேண்டாம். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. நான் போட்ட முதல் விதியே அதுதான்.

பையன்களை எழுதச் சொல். பயப்படாமல் எழுதச் சொல். நீ என் தம்பி என்பது என்னோடு இருக்கும். சத்தியம்.

ஜாய்ஸ்

செங்கல்பட்டு
15.2.2025

அக்கா,

நேற்று ரெட்ரோ முடிந்தது. நீ சென்னை ஆபீஸில் இருந்ததால் நடந்ததை எழுதுகிறேன்.

பேனாவைக் கொடுத்ததும் எல்லாரும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள். முதல் சீட்டை எழுதிய தனகோடி அதைக் கசக்கிப் போட்டான். "என் எழுத்து கோழி கெளறுன மாரி கீது மச்சான். ஆபீசருங்க பாத்து சிரிப்பானுங்க. நீ எழுது" என்றான். பிறகு ஒவ்வொருத்தனும் அதையே சொன்னான். சர்ச் வசனப் பலகையும் கூழ் ஊற்றும் நோட்டீஸும் எழுதின கை ஆயிற்றே என்னுடையது. அவர்கள் சொல்லச் சொல்ல, என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கும் நானே எழுதினேன். பெயர்தான் இல்லையே, வேறென்ன வரும் என்று நினைத்தோம்.

பாத்ரூம் போனால் நேரம் குறிக்கிறார்கள், பஸ் தாமதமானாலும் சம்பளம் பிடிக்கிறார்கள் என்று பதினொன்று. பன்னிரண்டாவது தனகோடியுடையது. தகடு அழுத்தும் மூன்றாம் பிரஸ்ஸில் கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் உண்டு. உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர் பன்னீர்செல்வம் ஜனவரியில் அதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். போன வாரம் தனகோடியின் வலது கையுறை நுனி உள்ளே போய்விட்டது. விரல் தப்பியது.

கூட்டம் முடிந்ததும் பன்னீர்செல்வம் பலகையைப் போட்டோ எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "ஆவணத்துக்குப்பா" என்றார். அந்த ஆள் என்னைத் தம்பி, அப்பா என்று கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

சின்னராசு

செங்கல்பட்டு
24.2.2025

அக்கா,

பதில் இல்லை. இன்று காலை என் கார்டுக்கு கேட் திறக்கவில்லை. காண்ட்ராக்டர் ஆள் வெளியே வந்து, "உன் பேரு லிஸ்ட்ல இல்ல, கெளம்பு" என்றான். ஏன் என்றதற்கு, "எழுத்து வேலைக்குப் போ, நல்லா வரும்" என்று சிரித்தான்.

மற்ற பதினொரு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள். அப்படியானால் எழுதியது நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பன்னீர்செல்வத்துக்கு என் எழுத்து தெரியாது, நான் வேலைக்குச் சேர்ந்த படிவத்தையெல்லாம் காண்ட்ராக்டர்தான் நிரப்பினான். லைனில் ஒருத்தனா? மூன்று நாளாகப் பேசாத அப்பாசாமியா? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேவலமாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்தால் சொல்.

சின்னராசு

படூர்
2.3.2025

தம்பி,

லைனில் யாரையும் சந்தேகப்படாதே. சொன்னது நான்.

பதினெட்டாம் தேதி மீட்டிங்கில் பிளாண்ட் தலைவர் ஜெகதீசன் அந்தப் போட்டோவைத் திரையில் போட்டார். "அச்சு மாதிரி இருக்கே. இவனுங்கள்ல எவனுக்கு இப்படி எழுத வரும்? வெளியாள் யாரோ எழுதிக் கொடுத்திருக்கான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நம் அப்பாக்கள் அடுத்தவன் வயலில் நாற்று நட்டுக் கைநாட்டு வைத்தவர்கள். அந்த 'இவனுங்கள்ல' என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. "வெளியாள் இல்லை சார், லைனில் இருக்கிற என் தம்பி சின்னராசு எழுத்து" என்று சொல்லிவிட்டேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

வெள்ளிக்கிழமை ரெட்ரோவில் பலகை காலி. ஒரு சீட்டுகூட இல்லை. "பாத்தீங்களா, பிரச்சினையே இல்ல" என்று ஜெகதீசன் கைதட்டினார். நானும் தட்டினேன்.

உனக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துத் தருகிறேன். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

ஜாய்ஸ்

செங்கல்பட்டு
6.3.2025

ஜாய்ஸ் அக்காவுக்கு,

இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்லச் சொல்ல தனகோடி எழுதுகிறான். என் எழுத்து இனி உங்கள் ஆபீஸ் பக்கம் வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

'என் தம்பி' என்று நீ சொன்னது எனக்குப் புரிகிறது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவமானம் இருக்கிறது, பெருமை இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது. மூன்றாம் பிரஸ் எங்கே? அச்சு மாதிரி எழுத்து என்று சொன்னாரே, அந்த எழுத்தில் என்ன இருந்தது என்று உங்கள் அறையில் ஒருத்தராவது வாசித்தீர்களா? கம்பி இன்னும் அப்படியே கட்டியிருக்கிறது. கைதட்டினேன் என்கிறாய்.

வேறு வேலை பார்க்காதே. நானே பார்த்துக்கொள்கிறேன்.

வரும் பதினான்காம் தேதி அடுத்த ரெட்ரோ. பலகை காலியாக இருக்காது. பதினொரு பேரும் அவரவர் கையால் எழுதுகிறார்கள். எல்லாம் கோழி கிளறியதுதான். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே வரி: மூன்றாம் பிரஸ் கம்பியை அவிழ்.

யார் எழுத்து என்று ஜெகதீசன் கேட்பார். அப்போது நீ என்ன சொல்கிறாய் என்று தனகோடி பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பொறுத்துத்தான் நான் உனக்குத் தம்பியா இல்லையா என்பது.

சொன்னவன்: சின்னராசு
எழுதியவன்: தனகோடி, மூன்றாம் பிரஸ், வலது கையால்